இரண்டாவது லைன் இலவசம்

காலையில் நம் பெயரைச் சொல்லி ஒருவர் வணக்கம் வைப்பதற்கு மாதம் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆகிறது. வரி தனி.

அரைவிலை என்கிறவருக்கு அந்த வணக்கம் சந்தை திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். பங்கு வாங்கி விற்கிற ஆப்பைத் திறந்தால் மேலே பச்சை எழுத்தில் அவர் பெயர் போட்டு, 'வணக்கம், இன்று லாபகரமான நாளாக அமையட்டும்' என்று வரும். அவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வணக்கம், வணக்கம்" என்பார். கேட்டுச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கடல் தாண்டி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மீதி ஆறு நாளும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை, கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்கள் தவிர.

அரைவிலை என்பது கடைவீதி வைத்த பெயர். முப்பது வருஷம் துணி மொத்த வியாபாரம் செய்தவர். யார் எதற்கு என்ன விலை சொன்னாலும் அதில் பாதியைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் படிந்தார்கள். ஒரு தடவை பல் டாக்டரிடம் போய், ஒரு பல்லின் விலைக்கு இரண்டு பல் என்று பேசி முடித்து, வலிக்காத பல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதை ஒரு மாதம் லாபக் கதையாகச் சொன்னார், வாயை மூடிக்கொண்டு.

கடையைத் தம்பிகளோடு பிரித்துக்கொண்ட பிறகு, மூன்றாவது மாடி வீட்டின் சின்ன அறையில் மேசை போட்டு உட்கார்ந்தார். பங்குச் சந்தையில் அவருக்கு ஒரே ஒரு குறை: பேரம் இல்லை. போட்ட விலைக்கு எடு, இல்லாவிட்டால் போ. எதிரில் ஒரு முகம் சுருங்குவதைப் பார்க்காமல் வாங்குவது, உப்பில்லாமல் சாப்பிடுவது போல இருந்தது. இருந்தாலும் பழகிக்கொண்டார். புரோக்கர் கம்பெனியைக்கூடப் பாதிக் கமிஷனுக்குத்தான் பிடித்தார். பாதிக் கமிஷன் என்பதால் அந்தக் கம்பெனிக்குப் போன் கிடையாது, ஆபீஸ் கிடையாது, மனுஷர்களும் கிடையாது. எல்லாம் நெட்டில்தான்.

நெட் கொடுத்தது வேறொரு பெரிய கம்பெனி. 'நீங்கள் தனியாக இல்லை' என்பது அதன் வாசகம். பேருந்தின் முதுகிலும் மருத்துவமனைச் சுவரிலும் சுடுகாட்டுக்குத் திரும்புகிற முனையிலும் அதை எழுதி வைத்திருந்தார்கள். விற்க வந்தவர் மாதம் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று விலை சொன்னார். இவர் பாதியைச் சொல்லி ஜன்னலைப் பார்த்தார். விற்க வந்தவரும் சளைத்தவர் இல்லை. விலையைக் குறைக்க முடியாது, வேண்டுமானால் கூட்டித் தரலாம் என்றார். ஒரு லைன் போனால் இன்னொரு லைன் இருக்கட்டும் என்று காப்பு லைன் ஒன்று இலவசம், போனுக்கு சிம் ஒன்று இலவசம். கடைசியில் கைகுலுக்கியபோது, மூன்று சரக்கை ஒரு விலைக்கு முடித்த பழைய சந்தோஷம் அரைவிலைக்கு வந்தது.

மாட்ட வந்தவர்கள் சுவரில் ஒரே ஒரு ஓட்டை போட்டார்கள். அந்த ஓட்டை வழியாக ஒரே ஒரு கம்பி வந்தது. உள்ளே வந்ததும் அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டியில் சொருகினார்கள். அரைவிலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குழாய் ஒன்றாக இருந்தால் என்ன, பக்கெட் இரண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமை அவர் நெட் கொடுத்த அதே கம்பெனியின் பங்குகளைத்தான் விற்றார். கையில் அந்தப் பங்குகள் இல்லை. இல்லாததைக் காலையில் விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கிக் கொடுத்து, நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வது ஒரு முறை. கடைவீதியில் இதைச் செய்தால் போலீஸ் வரும். சந்தையில் செய்தால் முதலீட்டாளர் என்பார்கள். ஒரே நிபந்தனை, மாலை மூன்றரைக்குச் சந்தை மூடுவதற்குள் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மறுநாள் ஏலம் போட்டு, அபராதம் போட்டு, கணக்கில் இருப்பதைத் துடைத்து எடுத்துவிடுவார்கள்.

கணக்கில் இருந்தது டிக்கெட் காசு. மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அம்மா இல்லாத பிரசவம். "டிக்கெட் நான் போடறேன் மாமா" என்று மாப்பிள்ளை சொன்னதற்கு, "என் டிக்கெட்டை நான் வாங்கிக்குவேன்" என்று இவர் வெட்டிவிட்டார். போக வர ஆகும் தொகையைத் தனியே எடுத்தும் வைத்தார். ஆனால் சும்மா கிடக்கிற காசு சோம்பேறியாகிவிடும் என்பது அவர் அப்பா சொன்ன வாக்கு. அதனால் அதைச் சந்தையில் இறக்கியிருந்தார்.

அந்தக் கம்பெனியின் பங்கு இறங்கும் என்று அவர் நம்பியதற்குக் காரணம் ஒரு பள்ளம். தெருமுனையில் கம்பெனியின் ஆட்கள் மூன்று நாளாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். புதிய, வேகமான கம்பி புதைக்கிறார்களாம். தன் கடை வாசலில் தானே பள்ளம் வெட்டுகிற முதலாளி உருப்பட மாட்டான் என்று அரைவிலை கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். அந்தப் பள்ளத்துக்குள் போவது தன் வீட்டுக் கம்பி என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பதினோரு மணி சுமாருக்கு இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு சிவப்பானது. இரண்டும் ஒரே நொடியில், ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல. திரையில் விலை அப்படியே உறைந்து நின்றது: இருநூற்றுப் பன்னிரண்டு. போனைப் பார்த்தார். செல் கோபுரத்துக்கும் அதே கம்பிதான் தீனி என்பதால் அதுவும் செத்திருந்தது. கம்பெனியின் சேவை எண்ணுக்கு மட்டும் லைன் கிடைத்தது. தன்னைக் கூப்பிடுகிறவர்களை எந்தக் கம்பெனியும் கைவிடுவதில்லை.

பதிவு செய்த ஒரு பெண் குரல் கனிவாகச் சொன்னது: "நீங்கள் தனியாக இல்லை. உங்களுக்கு முன்னால் நானூற்றுப் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள்."

அரைவிலை காத்திருந்தார். சுவருக்கு அப்பால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். நாள் முழுக்க அந்தச் சத்தம் ஓடும், மதியம் அரை மணி நேரம் நிற்கும், அப்போதுதான் அரைவிலையும் சாப்பிட எழுவார். கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டு வெகுநாள் ஆகிவிட்டது. ஒருவர் மெஷினை நிறுத்தினார் என்று சாப்பிடுவதில் கொஞ்சம் பந்தி மாதிரி இருந்தது.

கடைசியில் வந்த பையன் குரல், அவர் இணைப்பு தங்கள் திரையில் நன்றாக ஓடுவதாக வாழ்த்துச் சொன்னது. விளக்கு சிவப்பு என்றதற்கு, சிவப்பும் ஒரு விளக்குதான், மின்சாரம் வருகிறது என்று அர்த்தம் என்றது. புகார் பதிய வேண்டுமானால் கம்பெனியின் ஆப்பில் பதிய வேண்டும். ஆப்புக்கு நெட் வேண்டும். நெட் இல்லையே என்றதற்கு, நெட் இல்லை என்பதை ஆப்பில் பதியலாம் என்றது. இந்த உரையாடலுக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டபோது, அரைவிலை பழக்க தோஷத்தில் இரண்டரை என்றார். அரை நட்சத்திரம் கிடையாது என்று சொல்லி மூன்றாகப் போட்டுக்கொண்டு வைத்துவிட்டான்.

இரண்டு தெரு தள்ளி கம்பெனியின் கிளை இருந்தது. கிளை என்று சொல்லக் கூடாது, 'அனுபவ மையம்' என்று பலகை சொன்னது. போகிற வழியில் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே அறுந்த கம்பி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. இரண்டு பேர் கரையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அறுந்துடுச்சேப்பா" என்றார் அரைவிலை.

"நாங்கதான் அறுத்தோம்" என்றார் ஒருவர், கூச்சத்தோடு. "தோண்டறது மட்டும்தான் சார் எங்க கான்ட்ராக்ட். ஒட்டறது வேற ஆளு."

"அந்த ஆளு எப்ப வருவாரு?"

"கம்ப்ளெயின்ட் வந்தா வருவாரு. இன்னும் ஒண்ணும் வரலையாம்."

அனுபவ மையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு காவலாளி நின்றார். உள்ளே போக டோக்கன் வேண்டும், டோக்கன் ஆப்பில் எடுக்க வேண்டும். நெட் இல்லாதவர்களுக்காக வாசலில் இலவச வைஃபை வைத்திருந்தார்கள். அதற்குள் நுழைய, போனுக்கு ஓர் எண் வரும், அந்த எண்ணைப் போட வேண்டும். போன் செத்திருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். வெல்வெட் சோபாக்கள் காலியாக இருந்தன. சுவரில் ஆளுயரத் திரை ஒன்றில் கம்பெனியின் பங்கு விலை ஓடிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பதினேழு.

ஏறுகிறது. அரைவிலைக்கு முதலில் கண்ணாடியில் தூசு என்றுதான் தோன்றியது. துடைத்துப் பார்த்தார். இருநூற்றுப் பதினெட்டு.

வெயிலில் அவர் நின்றது எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நிழல் காலடியிலிருந்து நகர்ந்து காவலாளியின் செருப்பைத் தொட்டது. அப்போது உள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். கையில் ஒரு பட்டுப் பட்டை வைத்திருந்தார். இவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்க நம்ம வாடிக்கையாளர்தானே?" என்றார். ஆமாம் என்றதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். டோக்கன் எடுக்க முடியாததால் காலையிலிருந்து ஒருவரும் வரவில்லையாம், போட்டோவுக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறதாம். பட்டையை அவர் தோளில் போட்டார். அதில் 'மனநிறைவு பெற்றவர்' என்று எழுதியிருந்தது.

நடுவில் ஒரு பெரிய கேக் இருந்தது. கேக்கின் மேல் ஒரு பூஜ்யம் இருந்தது. ஊழியர்கள் பத்துப் பேர் வட்டமாக நிற்க, வட்டார மேலாளர் மைக்கைப் பிடித்தார். மைக் தேவைப்படாத அளவு சின்ன அறைதான். ஆனால் மேலாளர்களுக்குத் தங்கள் குரல் ஒரு முறை கேட்டால் போதாது.

"நேத்து இதே நேரம் நம்ம வட்டாரத்துல ஆயிரத்து நானூறு புகார்" என்றார் மேலாளர். "லைன் மெதுவா இருக்கு, விட்டு விட்டு வருது, படம் நின்னு நின்னு ஓடுது. என்ன பண்ணினாலும் மனுஷங்களுக்குத் திருப்தி இல்லை. இன்னைக்குப் பதினோரு மணிக்கு மேல எத்தனை தெரியுமா? பூஜ்யம். லைன் மெதுவா இருக்குன்னு ஒருத்தர் சொல்லலை. விட்டு விட்டு வருதுன்னு ஒருத்தர் சொல்லலை. இருபது வருஷமா நாம தேடினதை ஒரு பள்ளம் குடுத்திருக்கு. நான் உடனே நம்ம சேவை எண்ணுல கூப்பிட்டுத் தலைமையகத்துக்குச் சொன்னேன். அவங்க உடனே பத்திரிகைக்குக் குடுத்துட்டாங்க. பங்கு ஏறுதா, பாருங்க. இந்த முறையை மத்த வட்டாரங்களுக்கும் கொண்டுபோகலாமான்னு மேலிடத்துல தீவிரமா யோசிக்கிறாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். திரையில் இருநூற்று இருபத்து மூன்று.

அரைவிலையைப் பேசச் சொன்னார்கள். முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் மைக் பிடித்ததில்லை. "என் லைன் போச்சு" என்றார். மைக் அதை அறை முழுக்கச் சொன்னது. "நான் மூன்றரைக்குள்ள ஒரு சரக்கை வாங்கணும். இல்லேன்னா என் பொண்ணு பிரசவத்துக்கு நான் போக முடியாது. அவ்வளவுதான்."

மேலாளர் அன்போடு அவர் தோளில் கை போட்டார், போட்டோவுக்குப் பட்டை தெரிகிற மாதிரி. "உங்க இணைப்பு நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். "நீங்கதான் அதுல இல்லை."

போட்டோ எடுத்தார்கள். கேக் கொடுத்தார்கள். கேக்கைத் தின்றபடியே அரைவிலை ஒவ்வொரு மேசையாகப் போய், ஒரு நிமிஷம் கம்ப்யூட்டர் தருவீர்களா என்று கேட்டார். அவர்கள் கம்ப்யூட்டரும் அதே கம்பிதான். எல்லோருமே காலையிலிருந்து திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்வது போல விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் சுவரில் விலை ஓடுகிறதே என்றார். பட்டை போட்டுவிட்ட பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது போட்டிக் கம்பெனி லைன் சார். தலைமையகத்துலேருந்து வர்ற பெரியவங்க பார்க்கிறது, நிக்கக் கூடாது இல்லையா. பாஸ்வேர்டு எங்க யாருக்கும் தெரியாது. உங்க பக்கத்து வீட்டுல யாராவது அந்த லைன் வச்சிருக்காங்களான்னு பாருங்க."

அரைவிலை கேக்கைக் கீழே வைத்தார். எதிர்வீட்டுக் கதவுக்கு மேலே, போட்டிக் கம்பெனியின் மஞ்சள் பெட்டி. நாலு வருஷமாகக் காலையும் மாலையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் படியேறி இறங்கினார், அதற்குக் கீழே நிற்கிற ஆளைப் பார்க்காமல் இருப்பதற்காக.

கிளம்ப வேண்டிய நேரம் அது. ஆனால் மேலாளர் ஒரு வார்த்தை சொன்னார். இவ்வளவு அவசரத் தேவை உள்ளவர் காப்பு லைனுக்கும் ஒரு காப்பு லைன் வைத்துக்கொள்ளலாம், மாதம் அறுநூறுதான் என்றார். அரைவிலையின் வாய் அவரைக் கேட்காமலே "முந்நூறு" என்றது. கண் தானாக ஜன்னலுக்குப் போனது. மேலாளர் ஐந்நூற்றைம்பது என்றார். இவர் முந்நூற்றுப் பத்து என்றார். எதிரில் ஒரு முகம் சுருங்குவதைப் பார்த்து எவ்வளவு நாள் ஆகிவிட்டது. மேலாளர் நானூற்றுக்கு வந்து, மோடம் பெட்டி ஒன்று இலவசம் என்று மேலே போட்டபோது, அரைவிலைக்கு உடம்பெல்லாம் இருபது வயசு குறைந்தது. முந்நூற்றைம்பதில் படிந்து, பெட்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் சுவரைப் பார்த்தார். விலை இருநூற்று இருபத்தொன்பது. மணி மூன்றே கால்.

ஓட்டம் என்று சொல்ல முடியாது. அறுபத்திரண்டு வயசு, கையில் பெட்டி, தோளில் பட்டை. பள்ளத்துக்காரர்கள் எழுந்து வழி விட்டார்கள்.

மூன்றாவது மாடியில் எதிரெதிராக இரண்டு கதவு. தையல்கார அம்மாவின் கதவை அவர் தட்டியதே இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், இரண்டு அறைக்குத் திரைச்சீலை தைத்ததற்கு அந்த அம்மா ஒரு கூலி சொன்னார். இவர் பாதியை எண்ணி மெஷின் மேல் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். கடைவீதியில் ஒரு சட்டம் உண்டு. பாக்கி வைத்தவன், பணம் வர வேண்டியவரைப் பார்த்து முதலில் வணக்கம் சொல்லக் கூடாது. சொன்னால் பாக்கியை ஒப்புக்கொண்டதாக ஆகும், அங்கேயே கணக்குத் திறந்துவிடும். அதனால் அரைவிலை அந்த அம்மாவுக்கு வணக்கம் சொன்னதில்லை. மனைவி இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வேண்டிய வணக்கமெல்லாம் மனைவி சொல்லிவிடுவார். அதன் பிறகு இந்த மாடிப்படியில் வணக்கம் என்கிற பேச்சே இல்லாமல் போனது.

கதவைத் தட்டினார். மெஷின் நின்றது.

தையல்கார அம்மா கழுத்தில் அளவு நாடாவும் உதட்டில் குண்டூசியுமாக நின்றார். பட்டையைப் படித்தார். பெட்டியைப் பார்த்தார். அரைவிலைக்கு மூச்சு வாங்கியது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் காணாமல் போய், "வணக்கம்" என்று வந்துவிட்டது.

கணக்குத் திறந்துவிட்டது. இனி மூடி வைக்க முடியாது.

"அந்தத் திரைச்சீலைப் பாக்கி எவ்வளவுன்னு சொல்லுங்கம்மா" என்றார். "வட்டியோட குடுத்துடறேன். நீங்க சொல்ற விலை. இப்ப எனக்கு ஒரு பத்து நிமிஷம் வைஃபை வேணும்."

தையல்கார அம்மா குண்டூசியை எடுத்து நாடாவில் குத்தினார். "உள்ள வாங்கண்ணே" என்றார். "முதல்ல வேலையைப் பாருங்க."

பாஸ்வேர்டு, கூலி முன்பணம் என்பதாம். இங்கிலீஷ் எழுத்தில், நடுவில் இடம் விடாமல். உங்களுக்குத் தைத்த பிறகு வைத்த பெயர் என்று தையல்கார அம்மா சாதாரணமாகச் சொன்னார். அரைவிலை இரண்டு தடவை தப்பாக அடித்தார். மூன்றாவது தடவை திறந்தது. ஆப் அவர் பெயர் சொல்லி வணக்கம் வைத்தது. அன்றுதான் முதல் தடவையாக அதற்குப் பதில் சொல்ல மறந்தார். மூன்று இருபத்தாறுக்கு, இருநூற்று முப்பத்தொன்றுக்கு, விற்றதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஏலம் இல்லை. அபராதம் இல்லை. டிக்கெட் காசில் சரிபாதி போயிருந்தது.

போகக் காசு இருந்தது. திரும்பி வரக் காசு இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெட்டின துணித் துண்டுகள் தரையெங்கும் கிடந்தன. சுவரோரம் ஒரு முக்காலி, அதன் மேல் தைத்த மெத்தை. தையல்கார அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். அரைவிலை சட்டைப் பையைத் தடவிப் பர்ஸை எடுத்து, "பாக்கி?" என்றார்.

"எந்தப் பாக்கியண்ணே? அதைத்தான் அக்கா அன்னைக்குச் சாயந்தரமே குடுத்துட்டாங்களே."

"யாரு?"

"உங்க வீட்டம்மா. நீங்க பாதி வச்சுட்டுப் போனதும் பின்னாடியே வந்து மீதியை வச்சாங்க. அப்படி வந்தவங்கதான். அப்புறம் தினம் மத்தியானம் வருவாங்க, நான் மெஷினை நிறுத்திட்டுச் சேர்ந்து சாப்பிடுவோம். அந்த முக்காலி அவங்களுதுதான்."

அரைவிலை முக்காலியைப் பார்த்தார். மெத்தை, அவர் வீட்டுத் திரைச்சீலையில் மிச்சமான துணி.

"எல்லா எடத்துலயுமா?" என்றார்.

"எனக்கென்ன தெரியும். காய்க்காரர், செருப்பு தைக்கிறவர், சலவைக்காரர்னு சொல்லுவாங்க. நீங்க முன்னாடி பேசிட்டுப் போவீங்களாம், அவங்க பின்னாடி போய்க் குடுத்துட்டு வருவாங்களாம்."

"பல் டாக்டரு?"

"அந்த ரெண்டாவது பல்லுக்கும் சேத்துதான்" என்றார் தையல்கார அம்மா. சிரிப்பை அடக்கியதில் நாடா குலுங்கியது.

"அவகிட்ட ஏது காசு?"

"உங்ககிட்டதான். என்ன கேட்டாலும் பாதிதான் தருவாருன்னு, எப்பவும் ரெட்டையாக் கேப்பாங்களாம்."

முப்பது வருஷப் பேரம். கடைவீதியில் தந்திரசாலி என்று பெயர். எல்லாவற்றுக்கும் முழு விலை கொடுத்துத்தான் வாழ்ந்திருக்கிறார், தனக்கே தெரியாமல். அவரை விட நல்ல வியாபாரி ஒருத்தி ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டுப் போயிருக்கிறாள். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தார்.

"நாலு வருஷமா நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறதைப் பார்த்தா," என்றார் தையல்கார அம்மா, "என் மேல என்னமோ கோபம்னு நினைச்சேன். அக்கா போன அன்னைக்கு வந்து நின்னேன். நீங்க பார்க்கலை."

பார்த்தார். பாக்கி கேட்க வந்ததாக நினைத்து உள்ளறைக்குப் போய்விட்டார். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தையல்கார அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மெஷினில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார்.

அந்த மெஷின் சத்தத்திலேயே, அந்த வீட்டு வைஃபையிலேயே மகளைக் கூப்பிட்டார். புதன்கிழமை அப்பா கூப்பிட்டதில் மகள் பயந்துபோனாள். ஒன்றும் இல்லை, டிக்கெட் காசில் பாதி போய்விட்டது, பாதியை மாப்பிள்ளை போடுவாரா என்று கேட்டார். அவர் முழுசாகவே போடுகிறேன் என்றுதானே சொன்னார் என்றாள் மகள். பாதி போதும் என்றார். "வாங்கப்பா" என்றாள் மகள்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது இரண்டு பெட்டியும் இருட்டில் இரண்டு சிவப்புக் கண்ணாக விழித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது பெட்டியையும் பக்கத்தில் வைத்தார். அதற்குக் கம்பி இல்லை. மறுநாள் பொழுது விடிவதற்குள் ஒட்டுகிற கான்ட்ராக்ட்காரர் வந்திருக்க வேண்டும். விளக்குகள் பச்சையாக இருந்தன. கம்பெனியிலிருந்து ஒரு குறுஞ்செய்தியும் வந்திருந்தது. நீங்கள் பதியாத புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. சேவை நின்ற ஒரு நாளுக்கான தள்ளுபடி இருபத்தாறு. தள்ளுபடியைக் கணக்கிட்டதற்கான கட்டணம் இருபத்தாறு. நீங்கள் தனியாக இல்லை.

சந்தை திறக்கிற நேரத்துக்கு ஆப் வணக்கம் வைத்தது. அரைவிலை அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தையல்கார அம்மா வாசலில் நூல்கண்டுக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தார். நூல்கண்டுக்காரர் போகிற வரை அரைவிலை நின்றார்.

"வணக்கம்" என்றார்.

"வணக்கம்ண்ணே."

"வணக்கம்" என்றார் மறுபடியும்.

தையல்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு இன்னைக்குள்ளது. ஒண்ணு பாக்கி. நாலு வருஷத்துது இருக்கு. ஒண்ணொண்ணாச் சொன்னா என்னைக்கும் அடையாது."

தையல்கார அம்மா மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். மொத்த வியாபாரம் இல்லை என்றாலும் கூலிக்குக் கணக்குப் போட்டுப் பழகியவர். "அடேயப்பா, இன்னும் நாலு வருஷம் ஆகுமே" என்றார். "பாதியைத் தள்ளிடலாம்ண்ணே. பரவாயில்லை."

அரைவிலை வேறு பக்கம் பார்க்கவில்லை. "வேண்டாம்மா" என்றார். "முழுசாவே குடுத்துடறேன்."

மெஷின் மதியம் நின்றபோது சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். முக்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அன்றைய கணக்கு இது: கம்பெனியோடு வரவு இருபத்தாறு, செலவு இருபத்தாறு, நேர். சந்தையில் பாதி டிக்கெட் நஷ்டம். மாப்பிள்ளையிடம் பாதி டிக்கெட் கடன். திரைச்சீலைக்குப் பாக்கி இல்லை. வணக்கத்தில் ஒன்று அடைந்தது, ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் நிலுவை. முக்காலிக்காரிக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. கேட்டால் இரட்டையாகச் சொல்வாள்.